ராத்திரி மூணு மணிக்கு யாரும்மா போனது?

2025 ஜூலையில் ஒரு காலை. தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அத்தை கேட்டார்: "ராத்திரி மூணு மணிக்கு யாரும்மா கக்கூஸுக்குப் போனது?"

யாரும் போகவில்லை. நான் போகவில்லை. என் வீட்டுக்காரர் படுத்தால் ஆறு மணி அலாரத்துக்குத்தான் அசைவார். உயர்நிலை மூன்றில் படிக்கும் மகனைக் காலையில் எழுப்புவதே எனக்குப் பெரிய வேலை. அவன் நடுச்சாமத்தில் தானாக எழுந்தான் என்றால் செய்தித்தாளில் போடலாம். "தண்ணி நிரம்புற சத்தம் கேட்டுச்சே" என்றார். "கனவு கண்டிருப்பீங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

சிங்கப்பூரில், ஈசூனில் எங்களுடையது நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கழிவறை இரண்டு. ஒன்று எங்கள் படுக்கையறைக்குள். இன்னொன்று சமையலறையை ஒட்டி, அத்தை படுக்கும் அறைக்குப் பக்கத்தில். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அதே கேள்வி வந்தது. ஒரு கட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் கதவைச் சாத்திக்கொண்டு, அத்தையைப் பாலி கிளினிக்கில் ஒருமுறை காட்டலாமா, மறதி நோய் இப்படித்தான் ஆரம்பிக்குமா என்றெல்லாம் பேசினோம். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எதிர்வீட்டுச் சீன ஆன்டிக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. அவரும் அத்தையும் முப்பது வருடமாகப் பாசார் மலாயில்தான், அதாவது சந்தை மலாயில்தான், பேசிக்கொள்வார்கள். ஆகஸ்ட் கடைசியில் கீழே தகரப் பீப்பாயில் காகிதக் காசு எரிந்துகொண்டிருந்தபோது அவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு "புலான் துஜு" என்றார். ஏழாம் மாதம். பசித்த ஆவிகள் ஊருக்குள் வரும் மாதம். கழிவறைக்குக்கூட வரும் போலிருக்கிறது. அத்தை முருகனுக்கு ஒரு விளக்குக் கூடுதலாக ஏற்றினார். அந்த ஆவி ஜூலையிலேயே வந்துவிட்டதே, அதற்குத் தேதி தெரியாதா என்று மகன் கேட்டான். அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

செப்டம்பர் முதல் வாரம் பில் வந்தது. மின்சாரம் வழக்கம்போல. தண்ணீர் 22 கன மீட்டர். அதற்கு முந்தைய மாதம் 15.

இந்த இடத்தில் பில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பதினைந்து வருடமாகப் பணம் கட்டியும் எனக்கே தெரியாமல் இருந்த விஷயம் இது. பழைய வகை மீட்டர் உள்ள வீடுகளில் மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஆள் வந்து பார்க்கிறார். நடுவில் வரும் மாதத்துக்கு, நாமே எண்ணை அனுப்பாவிட்டால், நம் பழைய பயனீட்டை வைத்து ஒரு மதிப்பீடு போட்டுவிடுகிறார்கள். நான் அனுப்பியதே இல்லை. ஆகவே ஜூலைக்கான 15 கன மீட்டர் உண்மையில் எங்கள் வீட்டுக் கணக்கே அல்ல. நாங்கள் வழக்கமாக எவ்வளவு செலவழிப்போம் என்பதன் கணக்கு. பிறகுதான் தெரிந்தது, வீட்டில் ஒரு தண்ணீர்க் கசிவு ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. மதிப்பீட்டுக்கு அது தெரியாது. ஆகஸ்டில் மீட்டரைப் பார்த்ததும் இரண்டு மாதக் கசிவும் ஒரே பில்லில் வந்து விழுந்தது. மாதத்துக்கு மூன்றரை கன மீட்டர் அதிகமானதை, ஒரே மாதத்தில் ஏழு அதிகமானதாகப் படித்து நாங்கள் அலறினோம்.

போதாததற்கு ஜூலையில் அரசாங்கத்தின் யு-சேவ் கட்டணக் கழிவு வேறு. வீவக வீடுகளில் தகுதி பெற்றவர்களுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு முறை அது பில்லில் கழியும். அந்த மாதங்களில் கட்ட வேண்டிய தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் பில்லை மூடிவிடுவது என் வழக்கம். வெள்ளியை (டாலரை) மட்டும் பார்ப்பவளுக்குக் கசிவு தெரியாது. கன மீட்டர் என்ற வரியைப் பார்க்க வேண்டும்.

ஏழு கன மீட்டர் என்றால் எவ்வளவு பணம்? 2025 ஏப்ரல் முதல், மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குக் கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. தண்ணீர்ப் பாதுகாப்பு வரியும் கழிவுநீர்க் கட்டணமும் இதற்குள்ளேயே அடக்கம், ஜிஎஸ்டி தனி. எல்லாம் சேர்த்தும் 25 வெள்ளியைத் தொடவில்லை. நான்கு பேர் கோழிச் சோறு சாப்பிடுகிற காசு. அதனால்தான் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை என்று நினைக்கிறேன்.

அத்தைக்கு வெள்ளிக் கணக்கு உறைக்கவில்லை. "ஏழு கன மீட்டர்னா எத்தனை டின்?" என்று கேட்டார். அவர் பிறந்து வளர்ந்தது செம்பவாங்கில். 1963 ஏப்ரலில் வறட்சியால் சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. சுமார் பத்து மாதம் நீடித்த அந்தப் பங்கீட்டில், தெருக்குழாயிலிருந்து நாலு கேலன் மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் தூக்கியவர். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் குளியலறையில் இரண்டு வாளி எப்போதும் நிரம்பி இருக்கும். மகன் கைப்பேசியில் கணக்குப் போட்டான். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். நாலு கேலன் 18 லிட்டர் சொச்சம். கன மீட்டருக்கு 55 டின். ஏழுக்கு 385.

"கிட்டத்தட்ட நானூறு டின்னா!" அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மகன்மேல்தான் சந்தேகம். காற்பந்துப் பயிற்சி முடிந்து வந்து குளியலறைக்குள் போனால் பாட்டு முழுவதும் பாடி முடித்துத்தான் வெளியே வருவான். குளியல் ஐந்து நிமிடத்துக்குள் முடியட்டும் என்று, தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் ஊரெல்லாம் சொல்கிறது. இவனுக்கு ஐந்து நிமிடம் தண்ணீர் சூடாவதற்கே போய்விடும். தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்கினேன். அவன் ரோஷப்பட்டு, "மீட்டரைப் பார்க்கலாமா?" என்றான்.

மீட்டர் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. வாசலுக்கு வெளியே, நடைபாதையில், நான் பழைய செருப்புப் பெட்டி வைத்து மறைத்திருந்த இரும்புக் கதவுக்குப் பின்னால். திறந்தால் வரிசையாக நாலு மீட்டர். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றில் சக்கரம் விறுவிறு என்று சுற்றுகிறது. எங்கள் வீட்டில் ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கால் மணி நேரம் கழித்து எதிர்வீட்டு ஆன்டி ஈரத் தலையோடு வெளியே வந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் குளிக்கும் மீட்டர். வீட்டு எண் ஒட்டிய பட்டையைப் படிக்க வேண்டும் என்ற புத்தி அப்போதுதான் வந்தது. பட்டை அழிந்திருந்தால் ஒருவர் உள்ளே குழாயைத் திறந்து மூட, வெளியே இருப்பவர் எந்தச் சக்கரம் ஓடி நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

எங்கள் மீட்டரில் கறுப்பு எண்கள் நான்கு, அதை ஒட்டிச் சிவப்பு எண்கள் மூன்று. கறுப்பு கன மீட்டர். பில்லுக்குப் போவது அதுதான். சிவப்பு லிட்டர், பில்லுக்கு அது தேவையில்லை, ஆனால் கசிவு தேடுபவருக்கு அது மட்டும்தான் தேவை. சில மீட்டர்களில் சிவப்பு எண்ணுக்குப் பதிலாகக் குட்டிக் குட்டி முள் இருக்கும். எதுவானாலும் நடுவில் நட்சத்திரம் போலவோ முக்கோணம் போலவோ ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். சிறிய ஓட்டத்துக்கும் அசைவதற்காகவே வைத்தது.

எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் அதையே பார்த்தோம். அசையவில்லை. "கசிவு இல்லை, நீதான்" என்றேன் மகனிடம்.

இணையத்தில் தேடினால் எல்லாரும் இந்தப் பத்து நிமிடச் சோதனையைத்தான் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பிவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதற்கிடையில் சமையலறைச் சுவரில், கழிவறையை ஒட்டிய பக்கம், பெயின்ட் கொப்புளித்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததை என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். லிஃப்ட் பக்கத்தில் கிடைத்த துண்டுச் சீட்டிலிருந்த ஓர் ஆளைக் கூப்பிட்டார். வந்தவர் சுவரைத் தட்டினார், கொப்புளத்தைக் கிள்ளினார், "உள்ளே பைப் உடைஞ்சிருக்கு, டைல்ஸ் எல்லாம் எடுக்கணும்" என்றார். 1800 வெள்ளி. மீட்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, அது எதுக்கு என்பதுபோல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே அவரை அனுப்பிவிட்டேன். மீட்டருக்குப் பிறகு வரும் குழாய் எல்லாம் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு; அதில் கை வைக்கப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் வேண்டும். திறந்து மூடும் குழாயை (tap) மாற்றுவது, ஃப்ளஷ் தொட்டியின் உள்பாகம் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளை நாமே செய்துகொள்ளலாம்.

அன்று இரவு அத்தைதான் சொன்னார்: "பகல்ல பத்து நிமிஷம் பார்த்தா எப்படிம்மா தெரியும்? அது ராத்திரிதானே வருது."

ஆவியைத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

இரவு 11.30க்கு மீட்டரைப் படம் எடுத்தேன்: 1482.316. துணி துவைக்கும் இயந்திரம் போடக் கூடாது, யாரும் குழாயைத் திறக்கக் கூடாது, ஃப்ளஷை அழுத்தக் கூடாது. அவசரம் என்றால்? அத்தையின் இரண்டு வாளித் தண்ணீர் இருக்கிறதே, அதை ஊற்றிக்கொள்வது. ஃப்ளஷ் தொட்டியைத் தொடாத வரை கணக்குக் கெடாது. அறுபது வருடப் பழக்கம் ஒரு பரிசோதனைக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. காலை 5.30க்கு மீண்டும் படம்: 1482.346.

ஆறு மணி நேரத்தில் 30 லிட்டர். யாரும் தொடாமல். மணிக்கு ஐந்து, நாளுக்கு 120, இரண்டு மாதத்துக்கு ஏழு கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நானூறு டின்னும் அங்கேதான் போயிருக்கிறது. மகன் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அதிகம் உறைத்தது.

அடுத்து, எங்கே? ஒவ்வொரு ஃப்ளஷ் தொட்டிக்கும் கீழே சுவரோரம் ஒரு சின்ன அடைப்பு வால்வு உண்டு. இரண்டாம் இரவு எங்கள் படுக்கையறைக் கழிவறையின் வால்வை மூடினேன். காலையில் 31 லிட்டர். அங்கே இல்லை. மூன்றாம் இரவு சமையலறைப் பக்கத்துக் கழிவறையின் வால்வை மூடினேன். மறுநாள் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கும் முன்பே அத்தை எழுந்து வந்து சொன்னார்:

"நேத்து யாரும் போகலை."

மீட்டர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தது.

உறுதிப்படுத்த ஒரு சோதனை பாக்கி. தொட்டிக்குள் சாயம் கரைத்துவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விட்டால், கசிவு இருந்தால் கீழே பீங்கானில் நிறம் இறங்கும். சாயத்துக்கு எங்கே போவது? தேக்கா சந்தையில் வாங்கிய கேசரிப் பவுடர் இருந்தது. தீபாவளிக்கு வாங்கி வைத்ததைக் கக்கூஸில் கொட்டுகிறாளே என்று அத்தை முணுமுணுத்தார். இருபது நிமிடத்தில் பீங்கானின் பின்பக்கச் சரிவில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு இறங்கி நின்றது. தண்ணீராக இருந்தபோது கண்ணுக்கே தெரியாத கோடு.

பத்து நிமிடச் சோதனை ஏன் ஏமாற்றியது என்பது தொட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. தொட்டியின் அடியில் ஃப்ளஷ் துவாரத்தை அடைத்திருக்கும் ரப்பர் வளையம் இறுகிப் போயிருந்தது. அதன் ஓரமாகத் தண்ணீர் கசிகிறது, நிமிடத்துக்கு அரைத் தம்ளர்கூட இல்லை. மேலே தண்ணீர் வரும் வால்வோ, நீர்மட்டம் நன்றாகத் தாழ்ந்த பிறகே திறக்கிற ரகம். அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகச் சும்மா இருக்கும். அப்புறம் சட்டென்று திறந்து மூன்று லிட்டரை நிரப்பிவிட்டு மூடிக்கொள்ளும். மீட்டர் ஓடுவது அந்த நிரப்பும் நேரத்தில் மட்டும். நடுவில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சக்கரம் தூங்கும். பகலில் வீட்டுச் சத்தத்தில் அந்த நிரப்பும் ஓசை யாருக்கும் கேட்காது. இரவில், சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கம் வராமல் படுத்திருப்பவருக்கு யாரோ போய்விட்டு வந்ததுபோலவே இருக்கும். சாலைக்கு அடியில் கசிவு தேடுபவர்களும் இரவில்தான் காதுக்கருவியை வைத்துக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை ஒருவர் சம்பளமில்லாமல் இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தார்.

இன்னொரு விஷயம். முள்ளும் சக்கரமும் உள்ள பழைய மீட்டர்கள் மிக மெல்லிய சொட்டை முழுசாகக் கணக்கெடுப்பதில்லை. குழாய் முனையில் சொட்டுச் சொட்டாக விழுவது மீட்டரில் காட்டாமலே போகலாம். அதற்கு மீட்டரைவிட வாளி நல்லது.

ரப்பர் ஏன் கெட்டது? பழசு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நான். தொட்டிக்குள்ளேயே போட்டுவிடும் குளோரின் மாத்திரை சலுகை விலையில் கிடைத்ததென்று ஏப்ரலில் ஒரு டஜன் வாங்கினேன். அது கரைந்து அதே தண்ணீரிலேயே நிற்கும். இரவு பகலாக ரப்பரை அரிக்கும். புது ரப்பர் வாங்க வன்பொருள் கடைக்குப் போனபோது, கடைக்கார அங்கிள் பழசை விரலில் வளைத்துப் பார்த்துவிட்டு, மாத்திரை போடுவீர்களா என்றுதான் முதலில் கேட்டார். ரப்பர் ஆறு வெள்ளி. என் வீட்டுக்காரர் இருபது நிமிடத்தில் மாற்றினார், அதில் பத்து நிமிடம் கழன்று விழுந்த திருகைத் தேடியது.

சுவர் கொப்புளம் மிச்சம். இங்கேதான் மீட்டர் இன்னொரு நல்லது செய்தது. ரப்பர் மாற்றிய பிறகு ஆறு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூட ஓடவில்லை. சுவருக்குள் போகும் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். அது உடைந்திருந்தால் இரவும் பகலும் ஓடும், மீட்டர் காட்டிக்கொடுக்கும். மீட்டர் அசையாமல் சுவர் மட்டும் நனைகிறதென்றால், அது மீட்டரைக் கடந்து, நாம் ஊற்றி முடித்த தண்ணீர்: தரை வழியாகவோ டைல்ஸ் இடுக்கு வழியாகவோ கழிவுக்குழாய் வழியாகவோ போவது. நான்கு நாள் அந்தக் குளியலறையில் யாரும் குளிக்காமல் பார்த்தோம். கொப்புளம் காய்ந்தது. டைல்ஸ் இடுக்கின் சிமெண்டுப் பூச்சைச் சுரண்டிப் புதிதாக அடைத்தோம், இதுவரை திரும்ப வரவில்லை. 1800 வெள்ளி கொடுத்து இல்லாத உடைசலைத் தேடியிருப்போம். தரைக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் படலமே கெட்டிருந்தால் கதை வேறு. அது கீழ்வீட்டுக் கூரையில் ஈரமாகத் தெரியும், வீவக விதிப்படி மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்து பொறுப்பெடுக்க வேண்டும்.

தெம்பனிஸ் வெஸ்ட்டில் இருக்கும் என் தோழி இதையெல்லாம் கேட்டுச் சிரித்தாள். அவர்கள் பக்கம் 2022இல் தொடங்கிய திட்டத்தில் திறன் (ஸ்மார்ட்) மீட்டர் வந்துவிட்டது. கசிவு இருக்கலாம் என்று கைப்பேசிக்கே செய்தி வருமாம். எங்கள் புளோக்குக்கு அது வரும்வரை, சமையலறையில் தினசரி கிழிக்கும் நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டர் எண்ணை எழுதுவது மகனின் வேலை. 2023இல் சிங்கப்பூரில் ஓர் ஆளுக்கு வீட்டில் ஒரு நாளைக்கு 141 லிட்டர் செலவானது. அந்தக் கணக்கில் நாலு பேருக்கு மாதம் 17 கன மீட்டர் வரும். நாங்கள் 15க்குத் திரும்பிவிட்டோம். கொஞ்சம் பெருமைதான்.

மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட கையோடு, அவன் குளிக்கப் போகும் முன்னும் வந்த பின்னும் மீட்டரைப் பார்த்தேன். 94 லிட்டர். அதைச் சொன்னால் பழைய வழக்கைத் திறக்காதே என்கிறான்.

போன வாரம் அத்தை மறுபடி ஆரம்பித்தார். "ராத்திரி தண்ணி நிரம்புதும்மா." பதறிப்போய் மீட்டரைப் பார்த்தால் அசைவே இல்லை. மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அவர் அறையில் உட்கார்ந்து கேட்டேன். கேட்கத்தான் செய்கிறது. மேலே, சுவருக்குள், குழாய் வழியாக இறங்கி வரும் சத்தம்.

மேல்வீட்டில் புதிதாகக் குடிவந்திருப்பவர்களோடு இன்னும் பழக்கமில்லை. அத்தை ஒரு சின்னப் பொட்டலத்தில் கேசரிப் பவுடர் மடித்துத் தயாராக வைத்திருக்கிறார். அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.